பொன்னாடைக்கு அடியில் மழை

அண்ணாச்சி,

உங்கள் முதலாண்டு நினைவு நாள் பேனரில் நீங்கள் கூலிங்கிளாஸ் அணியப் போவதில்லை என்று நம் ரசிகர் மன்றத்தின் செயற்குழு ஏகமனதாக முடிவெடுத்தது. முடிவு எளிதில் எட்டப்படவில்லை. தலைவரின் பாத்திரக்கடை மாடியில், குடங்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவே, மூன்று கூட்டங்கள் நடந்தன. கண்ணாடி போட்டால்தான் கிட்டார் வாசிக்கிற ஆள் என்று தெரியும் என்றது ஒரு தரப்பு. கையில் கிட்டார் இருக்கிறதே என்றது மறுதரப்பு. உறுப்பினர் ஒருவர் வெளிநடப்புச் செய்து, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில், உங்களிடம் கூலிங்கிளாஸே இருந்ததில்லை, படத்தில் இருப்பது பிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது என்று தெரியவந்ததும் தீர்மானம் நிறைவேறியது. மன்றச் செயலாளர் என்ற முறையில் இதை உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

விழா முடிந்துவிட்டது. அந்த பேனர் இப்போது சுருட்டப்பட்டு என் வீட்டு நடையில் கிடக்கிறது. புதுப் பிளெக்ஸின் வாடை அடுப்படி வரைக்கும் அடிக்கிறது. இந்த வாடை வந்தாலே எனக்கு நீங்கள் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்கும். உங்கள் மேடைகள் எல்லாவற்றிலும் முதுகுக்குப் பின்னால் மை காயாத பிளெக்ஸ்தான் தொங்கியது. அதில் உங்கள் முகத்தைவிட அதை வைத்தவர்களின் முகம் பெரிதாக இருக்கும். உங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

உங்களை முதன்முதலில் கேட்டது இடைசெவல் பக்கம் ஒரு கோவில் கொடை விழாவில். பருத்தி எடுத்து முடித்த நிலத்தில் மேடை போட்டிருந்தார்கள். கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் செருப்பு போனால் முழங்கை வரை விட்டுத் தேட வேண்டும். மெல்லிசைக் குழுவின் பாடகர் வந்து சேரவில்லை. அதுவரை கூட்டம் கலையாமல் இருக்க, பின்வரிசையில் இருந்த உங்களை நாற்காலியோடு முன்னால் இழுத்துப் போட்டார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நீங்கள் கிட்டாரின் உடம்பை விரல் முட்டியால் தட்டினீர்கள். பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம். மழை பொய்த்த வருடங்களில் பெண்கள் பானையோடு வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்பார்களே, அந்த மழைச்சோற்றுப் பாட்டு. உப்பில்லாத சோறு பானையில் வந்து விழுகிறது, அடுத்த வாசல், அடுத்த தட்டல். பிறகு எல்லோரும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து அழுகிறார்கள். அந்த அழுகையை நீங்கள் ஒற்றைக் கம்பியில் இழுத்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஏட்டி, இது நம்ம பாட்டுல்லா?”

“ஆமா. இந்த ஆளுக்கு எவ சொல்லிக் குடுத்தா?”

“எவளும் சொல்லிக் குடுக்கல, நம்ம அழுததக் கேட்டுருக்காவ. வாய மூடு.”

அழுகை உச்சிக்குப் போனது. அந்த நேரத்தில் ஊர்த் தலைவர் மேடை ஏறி உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அதற்குப் பிறகு நான் உங்களைத் தொடர்ந்து வந்த வருடங்களில், மணியாச்சியிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரை, எந்த மேடையிலும் இது மாறவில்லை. காரணம் எளிது. அழுகை உச்சிக்குப் போகிறபோதுதான் கூட்டத்துக்கு உங்கள்மேல் பாசம் பொங்கும். பாசம் பொங்கினால் நம் ஊரில் சால்வை வரும். நீங்கள் வாசித்தபடியே இடது பக்கமாகக் கழுத்தைக் குனித்துக் கொடுப்பீர்கள். சால்வை தோளிலிருந்து சரிந்து கம்பிகளை மூடும். ‘கரிசலின் கம்பி நாயகனுக்கு’ என்று மைக்கில் யாராவது தொடங்குவார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம். உருப்படி அத்தோடு சரி.

அழுகைக்கு அப்புறம் ஒன்று இருக்கிறது என்பதே உங்கள் கடைக்கு வந்து போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் கடையில் வந்து உட்காருவேன். மழை இல்லாத வருடத்தில் கிணறுகளில் தண்ணீர் இறங்கி, மோட்டார்கள் புகைந்து, உங்களுக்கு வேலை குவியும். மழைக்காக ஊர் ஊராக அழுது வாசித்தவர், மழை பெய்யாத வருடத்தில்தான் புதுக் கிட்டார் வாங்கினார். இதை நான் உங்களிடமே சொன்னேன். சிரித்தீர்கள். பிறகு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்: “அழுகையோட முடிச்சா அது ஒப்பாரி, தம்பி. கடைசில மழ வரணும். வந்தாத்தான் மழைச்சோறு.”

“அந்த மழைய நாங்க கேட்டதே இல்லையே, அண்ணாச்சி?”

“எங்க கேக்க விட்டிய?”

அன்றைக்கே மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். சிறப்பு செய்வதெல்லாம் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். நிறைவேறியது. அடுத்த நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. அவர் வந்தால்தான் தொடக்கம் என்று தலைவர் விளக்கினார். அவர் வந்தபோது நீங்கள் அழுகையில் இருந்தீர்கள். தொடக்கம் அங்கே நடைபெற்றது.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. மறைக்கவில்லை. “ஒரே ஒரு தடவ, இருங்கய்யா முடிச்சிட்டு வாரேன்னு சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். “சொல்லலாம். சால்வையோட நிக்கவன் எங்க போவான்? அவனுக்கு இந்த ஒரு மேடைதான். எனக்கு நாளைக்கும் இருக்குல்லா” என்றீர்கள். பெருந்தன்மையான பதில். இதைப் பேனரில் போடலாம் என்று இந்த வருடம் ஒருவர் யோசனை சொன்னார். நான் எதிர்த்து வாக்களித்தேன்.

திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் உங்களுக்காக ஒரு நாள் பிடித்து வைத்திருந்தேன். மேடை இல்லை, கூட்டம் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து மழை வரை ஒரு தடவை. அதே நாளில் மன்றம் உங்களுக்குப் பாராட்டு விழா அறிவித்தது. மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்ததாம். நீங்கள் விழாவுக்குப் போனீர்கள். ரெக்கார்டிங்கை நாளைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். விழாவில் மழைச்சோறு வாசித்தீர்கள்; எந்த இடத்தில் நின்றது என்று நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஒரு காலையில் கடையைத் திறந்து, நெஞ்சு வலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள்.

உங்கள் படத்திறப்பு முடிந்ததும் நான் மழையைத் தேடக் கிளம்பினேன். ஊரில் உள்ள கேசட், சிடி, போன் எல்லாவற்றையும் வாங்கிக் கேட்டேன். எல்லாவற்றிலும் சால்வை வந்தது. மைக்செட் பால்ராஜிடம் போனேன்.

“சால்வைக்குள்ள அவிய கை ஆடிக்கிட்டுதான் இருக்கும், சார். நிப்பாட்ட மாட்டாவ.”

“அப்ப வாசிச்சிருக்காவளா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? வாழ்த்திப் பேசுதவருக்கு மைக்க ஏத்தணும்லா. கிட்டார நான்தான அமத்துவேன்.”

அப்படியானால் நீங்கள் ஒவ்வொரு முறையும் மழையை வாசித்து முடித்திருக்கலாம். பொன்னாடைக்கு அடியில், ஒரு முழ தூரத்துக்கு மட்டும் கேட்கிற மழை. அந்த ஒரு முழ தூரத்தில் யார் நின்றார்கள்? போர்த்தியவர்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போனேன். ஒருவர்கூட மறுக்கவில்லை, உங்கள் அருகில் நின்றதைப் பெருமையாகச் சொன்னார்கள். என்ன கேட்டது என்று கேட்டால் பதில் ஒன்றுதான். நூல் கடைக்காரர் அதைத் தெளிவாகச் சொன்னார்: “போட்டோவுக்குப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்.”

கடைசியாக மதினியிடம் போனேன். உங்கள் வீட்டில் கிரைண்டருக்கு ஒரு பொன்னாடை, டிவிக்கு ஒன்று, ஜன்னல்களுக்கு நாலைந்து. “வீட்டுல எங்க வாசிக்க விட்டாவ? கிட்டார எடுத்தா யாராவது மோட்டாரத் தூக்கிட்டு வந்துருவாவ” என்றார்கள். ஆனால் மோட்டார் வராத ராத்திரிகளில் மழையைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல தடவை.

“எப்படி இருக்கும், மதினி?”

“மழ மாதிரி இருக்கும்.”

“அதான், எந்த மாதிரி?”

“மொட்ட மாடில வத்தல் காயப் போட்டிருக்கும். பொட்டு பொட்டுன்னு விழும். பெய்யுதேன்னு சந்தோசப்படவா, வத்தல அள்ளவான்னு தெரியாம ஓடுவோம்லா? அப்படி இருக்கும்.”

பாடிக் காட்டச் சொன்னேன். “நான் என்னத்தப் பாட?” என்று அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு நடுவே நீங்கள் பரவிவிட்டீர்கள், அண்ணாச்சி. உங்களைப் பார்த்துக் கிட்டார் வாங்கிய பிள்ளைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். கும்மிப் பாட்டை, தாலாட்டை, களையெடுப்புப் பாட்டையெல்லாம் கம்பியில் வாசித்துப் போனில் ஏற்றுகிறார்கள். மழைச்சோறு வாசிக்காதவர் இல்லை. எல்லோரும் அழுகையின் உச்சியில், இடது பக்கமாகக் கழுத்தைக் குனித்து, சட்டென்று நிறுத்துகிறார்கள். அந்தக் குனிவை உங்கள் பாணி என்கிறார்கள். அந்த நிறுத்தத்தைப் பற்றி ஒருவர் கட்டுரையே எழுதியிருக்கிறார். பெய்யாத மழையின் மௌனமாம் அது.

கழுகுமலையிலிருந்து பிரியா என்று ஒரு பெண், நர்ஸிங் படிக்கிறாள். உங்களை நேரில் பார்த்ததில்லை. படத்திறப்பில் அவள்தான் மழைச்சோறு வாசித்தாள். அவளும் குனிந்தாள், நிறுத்தினாள். கீழே இறங்கியதும் கேட்டேன்.

“ஏம்மா அங்க நிப்பாட்டுன?”

“அது அங்கனதான சார் முடியும்? எல்லா வீடியோவுலயும் அவிய அங்கனதான நிப்பாட்டுதாவ.”

“அது முடிவில்ல. சால்வை.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “அப்பம் மழ எப்படி சார் வரும்?” என்றாள். பிறகு மதினியைப் பார்த்துவிட்டு வந்ததும் கழுகுமலைக்குப் போய், அவர்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். என்னிடமிருந்த மூன்று சுரங்களையும் கொடுத்தேன். அவை எனக்குக் கிடைத்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு விழாவில், சால்வையைப் பாலித்தீன் கவரிலிருந்து உருவத் தெரியாமல் ஒருவர் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் அழுகைக்கு அந்தப் பக்கம் நீங்கள் மூன்று சொட்டு விழவிட்டீர்கள். பிறகு கவர் கிழிந்தது. அந்த மூன்றைத்தான் நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அவளிடம் முனகிக் காட்டினேன். “இத வச்சு என்ன சார் பண்ண?” என்றாள்.

இன்றைய நினைவு நாளில் மன்றம் கிட்டார் போட்டி நடத்தியது. எல்லோரும் வாசிக்க வேண்டிய உருப்படி மழைச்சோறு. மூலத்தை மாற்றக் கூடாது என்பது தலைவர் வகுத்த விதி. மூலம் என்பது மன்றத்தின் யூடியூப் பக்கத்தில் இருக்கிற வீடியோ. போட்டிக்கு முன்பு மதினியை மேடையில் கௌரவித்தார்கள். பிறகு, வெயிலில் அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தடுக்கலாம் என்று நான் மேடையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

பிரியா கடைசியாக வந்தாள். கிட்டாரில் தட்டினாள், சோறு கேட்டாள், அழுதாள். உச்சியில் கூட்டம் எழுந்து வழக்கம்போலக் கைதட்டியது. அவள் குனியவில்லை. கைதட்டலுக்கு அடியில் அந்த மூன்று சொட்டும் விழுந்தன. அப்புறம் நாலாவது. அப்புறம் அவசரமாக, ஒன்றின் மேல் ஒன்று இடறி, யாரோ எதையோ அள்ளிக்கொண்டு ஓடுகிற மாதிரி. நான் மேடையின் மரச்சட்டத்தில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடத்துக்கு அப்பால் ஒரு வாசிப்பை முழுதாகக் கேட்பது எனக்கு அதுதான் முதல் முறை. உங்கள் மழைதானா என்று எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. தெரிந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆட்டோவில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். போனில் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கைதட்டல் மிகத் தெளிவாகக் கேட்கிறது.

பிரியாவை வருகிற ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மன்றத்தின் நன்றி அறிவிப்புக் கூட்டம் இருக்கிறதாம். செயலாளர் கட்டாயம் வர வேண்டுமாம். போகப் போவதில்லை. இதை இன்னும் தலைவரிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மூலத்தில் இல்லாததை வாசித்ததற்காக நடுவர்கள் பிரியாவுக்குப் பத்து மதிப்பெண் குறைத்தார்கள். அவள் நாலாவதாக வந்தாள். பரிசுகள் மூன்றும் அழுகையோடு நிறுத்தியவர்களுக்குப் போயின.