சலவையில் குறைந்த எடை

வியாழன். படுக்கப் போகுமுன்.

இன்று எங்கள் ராஜபாளையத்து பேண்டேஜ் ஆலையில் மூன்றாம் உலகப் போர். இரண்டு கம்பெனிக்காரர்கள் சரக்குக் கணக்கு பார்க்கும் தங்கள் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டினார்கள். பெரிய மில்களில் இருக்கும் முதலாவதுதான் வேண்டுமென்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். தன் மகள் செல்வி சொல்லி அவர் எதையும் கேட்டதில்லை. அவள், வெளுக்கச் சலவைக்குப் போய், பசையும் அழுக்கும் நீங்கி எடை குறைந்து வந்த துணியின் கணக்கை இரண்டிலும் ஏற்றச் சொன்னாள். முதலாவது, சரக்கு காணவில்லை என்று குடோன் பார்க்கும் என்னைப் பாண்டிநாட்டின் மாபெரும் கொள்ளைக்காரனாக அறிவித்தது. இரண்டாவது, சலவையில் வழக்கமாக எவ்வளவு குறையும் என்று கேட்டுக்கொண்டது.

"சித்தப்பாவை உள்ள தள்ளுவமாப்பா?" என்றாள் செல்வி.

"இவன் போனா குடோன யாரு பாக்குறது? ரெண்டாவதையே வாங்கு. இனி இது ஒம் பொறுப்பு" என்றார் அண்ணன்.

அப்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.