நிற்காத வண்டி

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
12.9.2023

அன்புத் தங்கை சுபிதாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மாவும் உன் மதினியும் சுகம். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

சென்னைக் கண்காட்சியில் நீ வரைந்து வைத்த படம் பேப்பரில் வந்து, டாக்ஸி ஸ்டாண்டில் எல்லார் போனிலும் ஓடுகிறது. பாராடாங் போகிற, வண்டி நிறுத்தவே கூடாத காட்டு ரோட்டில் ஒரு டூரிஸ்ட் வண்டி நிற்கிறது. உள்ளேயிருப்பவர்கள் ஜாரவாப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் எறிந்து போட்டோ எடுக்கிறார்கள். டிரைவர் பல்லைக் காட்டுகிறான். அந்த டிரைவர் நான்! கண்ணாடியில் என் அந்தோணியார், கதவில் என் நசுங்கல், புருவத்தில் என் வெட்டுக்காயம். "அரே டெர்வின், யே தோ தும் ஹோ!", இது நீதானே என்று கூட வண்டி ஓட்டுகிற ரவிக்குமார் கத்தினான்.

அடிப்பாவி, அந்தக் காட்டுக்குள் நான் ஒருநாளாவது பிரேக் போட்டிருப்பேனா? எவனாவது கண்ணாடியை இறக்கினாலே சண்டைக்குப் போகிறவன். நின்றது வேறொருவன் வண்டி என்று உனக்குச் சொன்னதே நான்தானே!

ஆபீசில் என் பெர்மிட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை இருக்கிறதாம். "அண்ணன் வண்டியை நிறுத்தியதில்லை, நானாக வரைந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு மக்ளே. அது போதும்.

உன் அண்ணன்,
டெர்வின்


சென்னை
24.9.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்துவிட்டு அழுதேன். டிரைவர் என்று நினைத்தால் எனக்கு வருவது உன் முகம்தான். கை அதையே வரைந்துவிட்டது, சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

ஆனால் அந்தத் தாளை மட்டும் கேட்காதே. இத்தனை வருஷம் என் படங்களை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போதுதான் 'கண்ணால் கண்டவள் வரைந்தது' என்று எழுதுகிறார்கள். நானாக வரைந்தேன் என்று சொன்னால், பிஸ்கட் எறிந்ததே பொய் என்று ஆக்கிவிடுவார்கள். அது உன்னைப் பற்றிய படமே இல்லை அண்ணா, இந்த நாட்டைப் பற்றியது. எல்லோருக்கும் அந்த வண்டியில் ஒரு சீட் இருக்கிறது.

நீ நிறுத்தவில்லை, சரி. ஆனால் அவர்களைப் பார்க்கத்தானே தினமும் ஆட்கள் உன் வண்டியில் ஏறுகிறார்கள்? கோபப்படாமல் யோசி.

அன்புத் தங்கை,
சுபிதா


சென்னை
19.11.2023

அண்ணா,

பதிலே இல்லை, போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். "உன் அண்ணன் இப்போ கப்பல் ஜெட்டியில மூட்டை தூக்குறாரு" என்று சொல்லி மதினி போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எழுதியது திமிர். நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்காட்சிக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், போகட்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், ஆபீசில் நானே வந்து சொல்கிறேன். திட்டு, அடி, ஆனால் பேசு.

சுபி


பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
1.12.2023

ஓவியர் சுபிதா அவர்களுக்கு,

தாள் வந்தது. கொளுத்திவிட்டேன்.

விசாரணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆபீசர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர். படத்தை மேஜையில் போட்டு, இதை வரைந்தவள் உனக்கு யார் என்று கேட்டார். கண்ணால் கண்டவள் என்று பேப்பரில் போட்டிருக்கிறதே. தங்கை என்று சொன்னால், என் வண்டியில் உட்கார்ந்து பார்த்தவள் என்றுதானே ஆகும்? "நஹீ ஜான்தா, ஸாப்", எனக்குத் தெரியாது என்றேன். யாரோ டூரிஸ்ட் பொம்பளை, ஸ்டாண்டில் என் வண்டியைப் பார்த்து வரைந்திருப்பாள் என்றேன். ரவிக்குமாரும் மற்ற டிரைவர்களும் அதையே சொன்னார்கள்.

வீட்டுக்கும் ஆள் வந்து விசாரித்தார்கள். "எனக்கு ஒரே பிள்ளதான், இவன்தான்" என்றாள் அம்மா. அவர்கள் போனபிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சுவரில் உன் போட்டோ இருந்த இடத்தில் இப்போது கோயில் காலண்டர் தொங்குகிறது.

பெர்மிட் திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்று வண்டி எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வராதீர்கள். நீங்கள் இந்த வாசலில் வந்து நின்றால் என்னோடு சேர்ந்து பொய் சொன்ன அத்தனை பேரின் பிழைப்பும் போகும். தீவைப் பார்க்க ஆசையிருந்தால் ஓட்டலில் தங்குங்கள். பாராடாங் போக வேறு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டெர்வின்,
டூரிஸ்ட் வண்டி டிரைவர்