பின்னாடி மட்டும் மாற்றிய டயர்

14 நவம்பர், வெள்ளி.

கொட்டிவாக்கத்து மீனவர்கள் படகை மணலில் இழுக்க வைத்திருக்கும் சின்ன டிராக்டர் இன்று படுத்துவிட்டது. முன்பக்க கியர் உடைந்துபோச்சு. போன மாதம் அதற்கு டயர் மாற்றிக் கொடுத்த மேதாவி நான்தான். மணலில் புதையாத அகல டயர் கேட்டார்கள். பின்னாடி பெரிய சைஸ் போட்டேன். முன்னாடிக்குத் தோதான சைஸ் என் கடையில் இல்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் முன்னும் பின்னும் அளவு ஒத்துப்போகணும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று இழுத்து கியரைத் தின்றுவிடும். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். மதியத்துக்கு வாங்கி வைத்த பிரியாணி ஆறிவிடுமே என்று, "பழசே இருக்கட்டும், ஒண்ணும் ஆவாது" என்று அனுப்பிவிட்டேன்.

இன்று எல்லோரும் டிரைவர் சேவியர் மேல் பாய்ந்தார்கள். "ரோட்டுல கண்டமேனிக்கு ஓட்டிக்கினு போனா உடையாம இன்னா பண்ணும்?" என்ற மீனவர் சங்கத் தலைவர், "நீ இன்னா சொல்ற நைனா?" என்று என்னைக் கேட்டார். நான் டயரைத் தட்டிப் பார்த்து, பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டினேன். சேவியரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சாப்பிடும்போது மகள், "இன்னாப்பா, குழம்புல உப்பே இல்ல, ஒண்ணும் சொல்லாம துன்ற?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் சேவியர் போன் பண்ணினான். "அண்ணே, காலையில பஞ்சாயத்து. டயர் சமாச்சாரம் தெரிஞ்ச ஆளு நீதான். எனக்காக நீதான் பேசணும்."

வரேன்டா என்றேன். பேச வேண்டியது ஒரே வரி: தப்பு என்னுது. அதை இங்கே எழுதவே ரெண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன்.