இருபத்தேழாம் தேதிப் பயணம்

செஞ்சி
16.3.2025

கலைமதிக்கு,

நீ அனுப்பிய மூன்று டிக்கெட்டும் வந்தன. பள்ளிக்கூடத்துக் கணினியில் அச்செடுத்து வைத்துவிட்டேன். போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது, பிள்ளைகள் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், இனி மெயிலில் எழுதியே பேசிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். எனக்கும் அதுதான் சௌகரியம். எழுதியது எங்கேயும் போகாது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிற்பாடு யாரும் மாற்றிப் பேச முடியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு, மாலை நாலரைக்குச் சென்னையில் விமானம். திரும்புவது மே 18. நான், வளவன், அனு. தேதியில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

மற்றவற்றில் சில கேள்விகள் உண்டு. மூன்று வாரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நீ எடுத்து வரச் சொன்ன ஸ்வெட்டர் எதற்கு? மஸ்கட்டின் மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று நானும் படித்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ்கள் அசலாக எதற்கு? தடுப்பூசி அட்டை எதற்கு? எங்களை அழைத்துப் போகக் கார் கொண்டுவரும் அன்புமணி என்பவர் யார்?

நான் சந்தேகப் பிராணி என்று உன் அண்ணன் விமல்ராஜ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். சொல்லட்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் போலீஸ்காரர் வந்து, "கலைமதின்றது யாரு சார்? பாஸ்போர்ட் வெரிபிகேஷன்" என்று கேட்டபோதுதான் என் மனைவி வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எம்.ஏ., எம்.ஃபில். வரலாறு படித்தவன், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, முன்பே தெரிந்ததுபோல் நடித்தேன். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

ஆகவே நேராகவே கேட்கிறேன். மே 18 அன்று நான் மட்டும் விமானம் ஏறி, என் பக்கத்து இரண்டு இருக்கையும் காலியாக வரப்போகிறதா?

பிள்ளைகள் நலம். அனுவுக்குச் சளி விட்டுவிட்டது.

இளையபெருமாள்


மஸ்கட்
19.3.2025

அன்புள்ள வளவன் நைனாவுக்கு,

'அன்புள்ள' என்று போட உங்களுக்குக் கை வரவில்லை. பரவாயில்லை, நான் போட்டுவிட்டேன்.

ஸ்வெட்டர் மஸ்கட்டுக்கு இல்லை, விமானத்துக்கு. உள்ளே ஏ.சி. அப்படிக் குளிரும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் சில சமயம் பிறப்புச் சான்றிதழ் கேட்பதாகச் சொன்னார்கள், அதற்காகத்தான் அசல். தடுப்பூசி அட்டை, அனுவுக்கு உடம்புக்கு வந்தால் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு. அன்புமணி சார் எங்கள் லேபில் மூத்தவர், பேத்தி எடுத்தவர். அவர் மனைவி ஷோபனா அக்கா பேத்தியின் கார் சீட்டைத் துடைத்து அனுவுக்காக வைத்திருக்கிறார். இங்கே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போக முடியாது.

நீங்களும் இதுவரை விமானம் ஏறியதில்லை, அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளுக்குக் காது அடைக்கும். அந்த நேரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்க வையுங்கள். ஆனால் சோதனைக்கு முன்னால் பாட்டிலைக் காலி செய்துவிட வேண்டும், உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே நின்று அவர்களோடு வாதம் பண்ணாதீர்கள். அனுவுக்கு மாற்று கவுன் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு சட்டை. அவள் வாந்தி எடுத்தால் அது உங்கள் மேல்தான். ஜன்னல் சீட்டு ஒன்றுதான். இங்கே வரும்போது வளவன், ஊருக்குத் திரும்பும்போது அனு. இப்போதே சொல்லி வைத்தால் அங்கே அடிதடி இருக்காது.

காலை ஒன்பதுக்குள் செஞ்சியை விட்டுக் கிளம்ப வேண்டும். காருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி. மூன்று பேருக்கும் திரும்பும் டிக்கெட் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் எப்படி நம்ப வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது அனுவுக்கு ஒன்றரை வயது. இப்போது போனில் "ஹலோ, மஸ்கட் அம்மா" என்கிறாள். ஊரில் வேறொரு அம்மா இருப்பதுபோல.

கலைமதி


செஞ்சி
6.4.2025

கலைமதிக்கு,

நேற்று மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பழைய துண்டுகளை பெல்ட்டாகக் கட்டி, பிள்ளைகளுக்கு விமானப் பயிற்சி கொடுத்தேன். அனு இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு "வந்துட்டமா?" என்று கேட்டுவிட்டு இறங்கி உன்னைத் தேடச் சமையலறைக்குள் போய்விட்டாள். வளவன் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான்.

"நைனா, ஏரோப்ளேன் ராஜகிரி மலைய விட மேல போவுமா?"

"போகும்."

"அப்ப ஸ்கூல் பஸ்ஸு?"

"எந்த பஸ்ஸு?"

"அம்மா ஊர்ல மஞ்ச பஸ்ஸு வாசல்லயே வந்து ஏத்திக்குமாம். யூனிபார்ம் நீலமாம். உன்கிட்ட இப்ப சொல்லக் கூடாதுன்னாங்க. நான் சொல்லல நைனா."

ஏழு வயதுப் பிள்ளை சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டான். இதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்? மூன்று வாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பஸ் ஏற்றுகிறார்கள்? திரும்பும் டிக்கெட் என்று சத்தியம் பண்ணினாயே, அதை ரத்து செய்ய ஒரு விரல் போதாதா?

எனக்குப் பைத்தியம் என்று இனி உன் அண்ணன் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

இளையபெருமாள்


மஸ்கட்
9.4.2025

அன்புள்ள வளவன் நைனாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். சேர்க்கவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. வளவனிடம் மறைக்கச் சொன்னது தப்பு. அந்தத் தப்பை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியாமல் காரியம் செய்யும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. திண்டிவனத்தில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்த சமயம் என் அசல் சான்றிதழ் காணாமல் போனது. வீடெல்லாம் தேடினோம். நீங்களும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். எட்டு மாதம் கழித்து உங்கள் பள்ளிக்கூட அலமாரியில், சோழர் கால வரைபடங்களுக்கு அடியில் அது இருந்தது. நான் எடுத்துக்கொண்டு வந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.

வாருங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். நீங்கள் வாத்தியார், என்னைவிட உங்களுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் 18-ஆம் தேதி மூன்று பேரையும் நானே வந்து ஏற்றிவிடுகிறேன்.

காருக்குச் சொல்லியாச்சா?

கலைமதி


செஞ்சி
20.4.2025

கலைமதிக்கு,

சான்றிதழ் விஷயத்தை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய். நானும் சிலதைச் சுமக்கிறேன். நேரில் பேசுவோம்.

பெட்டி கட்டியாகிவிட்டது. காந்தி பஜாரில் வளவனுக்குப் புது ஷூ எடுத்தேன், காலை விட்டுக் கழற்ற மாட்டேன் என்கிறான். அனு தினமும் பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கிறாள், பொம்மைக்கு மூச்சு முட்டும் என்று தினமும் எடுத்துவிடுகிறாள்.

கார் என் பொறுப்பு. போனிலும் கேட்டுவிட்டாய், எழுதியும் கேட்டுவிட்டாய். செஞ்சியில் காருக்கா பஞ்சம்?

இளையபெருமாள்


செஞ்சி
28.4.2025

கலைமதிக்கு,

நேற்று நாங்கள் வரவில்லை என்பது உனக்கு விமான நிலையத்தில் நின்றபோதே தெரிந்திருக்கும். நீ அடித்த போனை எடுக்காததற்குக் காரணம், பிள்ளைகள் எதிரில் சண்டை வேண்டாம் என்பதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று அமாவாசை. அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வந்த அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனை ஜனம் செஞ்சி வழியாகப் போகும் என்று உனக்கு மறந்திருக்கலாம். ஊரில் இருக்கிற வாடகைக் கார் எல்லாம் விடியும் முன்பே கோயில் சவாரிக்குப் போய்விட்டன. வாடகைக் கார் ஓட்டும் செல்லப்பனுக்குப் போன் செய்தேன். "அமாவாசையும் அதுவுமா காரா சார்? ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா புடிச்சு வச்சிருப்பேன். செஞ்சிக்காரரு நீங்களே இப்டி கேட்டா இன்னா பண்றது?" என்று சிரித்தான். பஸ் எல்லாம் ஸ்பெஷலாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் மூன்று பெட்டியையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நான் எங்கே போவது?

வளவன் காலை ஆறு மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வேப்பிலை கட்டிப் போகும் வேன்களை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்றில் நிறுத்திவிட்டான்.

டிக்கெட் போடுகிறவர்கள் காலண்டர் பார்த்துப் போட வேண்டும். இதில் என் தப்பு என்று எதுவும் இல்லை.

இளையபெருமாள்


மஸ்கட்
30.4.2025

வளவன் நைனாவுக்கு,

காலண்டர் பார்த்துத்தான் போட்டேன். செஞ்சி ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த தேதி காலண்டர் போன வருடம் நான் வந்தபோது வாங்கி வந்தது, இந்த வருடத்துக்கும் ஊருக்குப் போன ஒருவரிடம் சொல்லி வாங்கினேன். இங்கே ஃபிரிட்ஜ் மேல் மாட்டியிருக்கிறது. லீவு கிடைத்தது அந்தத் தேதியில். அன்று அமாவாசை என்று டிக்கெட் போடும்போதே தெரியும்.

"அன்னைக்கு அமாவாசை, சனிக்கிழமையே கிளம்பி சென்னையில் தங்கிவிடுகிறோம்" என்று நீங்களாக ஒரு வரி எழுதுவீர்களா என்று பார்த்தேன். மார்ச் பதினாறில் எழுதவில்லை. ஏப்ரல் ஆறில் எழுதவில்லை. இருபதில் "செஞ்சியில் காருக்கா பஞ்சம்" என்று எழுதினீர்கள்.

மார்ச் மாதக் கடைசியிலேயே டிரைவர் பச்சைமுத்து அண்ணனுக்கு நான் போன் செய்து சொல்லி வைத்துவிட்டேன். அவர் அமாவாசைச் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு எட்டு மணிக்கு நம் வாசலில் வந்து நின்றார். பாப்பாவுக்கு ஜுரம், பயணம் இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். மறுநாள் அவர் கவலையோடு எனக்குப் போன் செய்தார், ஜுரம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க.

நானும் யோக்கியம் இல்லை. வாயைத் திறந்து "அமாவாசை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். உங்களைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். சோதனை நமக்கு, ஷூவோடு வாசலில் நின்றது அவன்.

விமான நிலையத்தில் ஷோபனா அக்கா கார் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றார்.

இனி எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

கலைமதி


செஞ்சி
8.5.2025

அன்புள்ள கலைமதி,

பச்சைமுத்து சொன்னது உண்மை. "இன்னா சார், பெட்டிய எடுத்து வைக்கலாமா? அம்மா மஸ்கட்லேர்ந்து அப்பவே சொல்லி வச்சிட்டாங்க" என்றான். நீ என்னை நம்பவில்லை என்று அந்த நிமிடம் தெரிந்தது. கோபம் வந்தது. நம்பாதது சரிதான் என்பதும் கூடவே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. ஜுரம் என்று சொன்னேன்.

வளவன் என் பின்னால் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றதை நான் கவனிக்கவில்லை. கார் போன பிறகு உள்ளே போனான். அனுவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். திரும்பி வந்து, "யாருக்கு நைனா ஜொரம்?" என்றான்.

அதன் பிறகு அவன் அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. ஆனால் இப்போது நான் மழை வரும் என்றால் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறான். கடையில் பிஸ்கட் தீர்ந்துவிட்டது என்றால் கடைக்காரரையே போய்க் கேட்கிறான். "நெஜமாவா?" என்று ஒரு பார்வை பார்க்கிறான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

அவனை உட்கார வைத்து, அன்று யாருக்கும் ஜுரம் இல்லை, நைனா பொய் சொன்னேன் என்றேன். "தெரியும்" என்றான்.

சான்றிதழை நான்தான் எடுத்தேன். டார்ச் அடித்துத் தேடியதும் நான்தான்.

மே 14-ஆம் தேதிக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்புவது 31. நீ எழுத மாட்டாய் என்று தெரிந்தும் இதை அனுப்புகிறேன். புதன்கிழமை. அமாவாசை இல்லை. பௌர்ணமியும் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும், திருவண்ணாமலைக் கூட்டமும் இருக்காது. உன் லீவு தீர்ந்திருக்கும். நீ வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்று கைப்பையில் வைத்துவிட்டேன். பாட்டிலுக்காக வாதம் பண்ண மாட்டேன்.

அந்த மஞ்சள் பஸ் பள்ளிக்கூடத்தை வந்து பார்க்கிறேன். வளவனுக்கு டி.சி. வாங்க எத்தனை நாள் ஆகும் என்று இங்கே அலுவலகத்தில் கேட்டேன். வாங்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

பச்சைமுத்துவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வளவனும் கூட வந்தான். "நைனா சொல்றது நெஜமா? புதன்கெழம நீங்க வருவீங்களா?" என்று அவனிடம் தனியாக ஒருமுறை கேட்டுக்கொண்டான். "வருவேன்டா ராசா" என்று பச்சைமுத்து சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறது. அனுவின் பொம்மையும் உள்ளே போய்விட்டது, ஜிப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறோம். வளவனின் ஷூவை மட்டும் எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்கிறான். கார் தெருவுக்குள் வந்த பிறகு போட்டுக்கொள்கிறானாம்.

வளவன் நைனா