ஒன்பது நல்ல கேள்விகள்

யூன் 11, புதன்

ஆறாம் வகுப்புக்குக் கரைசல் பாடம். உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காட்டினேன். லவீனா எழும்பி, "கடல் முழுக்க உப்பெண்டால் மீன் ஏன் ரீச்சர் உப்பில்லை? அம்மா குழம்புக்கு உப்புப் போடுறாவே?" என்றாள்.

வகுப்பில் முக்கால்வாசி மயிலிட்டிக் கடற்கரைப் பிள்ளைகள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடுவில் ஊர்த் தோட்டக்காரர் வீட்டுப் பெண், மீன் சாப்பிடுவதே இல்லை. அது சோதினைக்கு வராது, இரு என்றேன். இருந்தாள். உண்மையில் எனக்குத் தெரியாது. இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் அந்த மீன்தான் தலைக்குள் நின்றது.

யூன் 13, வெள்ளி

அதிபர் சீவரத்தினம் சேர் கூட்டம் வைத்தார். புதிய கல்வி முறையில் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டுமாம். கேட்கிறார்களா என்று பார்க்க 26ஆம் திகதி அதிகாரிகள் வருகிறார்களாம், என் வகுப்புக்குத்தான். நல்லபடி முடிந்தால் உடுவில் பக்கம் மாற்றத்துக்குத் தானே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். வருசக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருக்கும் மாற்றம். என் முகம் மலர்ந்ததை நான் மறைக்கவில்லை.

பிறகு சொன்னார்: "பிள்ளையள் கேக்கப்போற கேள்வியளைத் திங்களுக்கிடையிலை எழுதித் தாங்கோ. ஒருக்காப் பாத்துத் திருத்தித் தாறன்."

பிள்ளைகள் சுயமாகக் கேட்கப்போகும் கேள்விகள். அவர் திருத்துவார்.

யூன் 17, செவ்வாய்

ஒன்பது கேள்விகள் தேறின. பிள்ளைக்கு ஒன்றாக இலக்கம் போட்டுக் கொடுத்தேன். வரிசை பிசகாமல் எழும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் "மிகவும் நல்ல கேள்வி" என்று சொல்லி, யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எப்படி யோசிப்பது என்று சேர் நின்று காட்டினார். நாடியில் கை, பார்வை கூரையில்.

லவீனாவை மட்டும் அன்றைக்கு வராமல் மறிக்கச் சொன்னார். அவளுக்கு வாய் கூடவாம். வேண்டாம் சேர், கடைசிக் கேள்வியைக் கொடுத்தால் அதைப் பாடமாக்குவதிலேயே இருந்துவிடுவாள் என்றேன். என் கெட்டித்தனம் எனக்கே பிடித்திருந்தது.

யூன் 19, வியாழன்

லவீனாவின் தாய் மக்டலீன் வந்தார். கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடத்தை முடிக்க விடுகிறாள் இல்லை என்று ரியூசன் வகுப்பிலிருந்து நிற்பாட்டிவிட்டார்களாம். தகப்பன் கடலுக்குப் போய்விடுகிறார், தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது, பிள்ளை எப்படிக் கரைசேரும் என்று அழுதார்.

"நீங்களெண்டாலும் சொல்லுங்கோ ரீச்சர். உங்களுக்கு அடங்குவாள்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? கேள்வி கேட்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றா?

யூன் 23, திங்கள்

ஒத்திகை. சுபாஜினி கேள்வியோடு விடையையும் சேர்த்தே சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

யூன் 26, வியாழன்

முடிந்தது. அதிகாரிகள் இருவரும் பின்வரிசை வாங்கில். மூன்றாம் கேள்வி வரை எல்லாம் ஒழுங்கு. நாலாம் இலக்கக்காரன் பேதுருவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதனால் சுபாஜினி எழும்பி ஐந்தாவதைக் கேட்டாள்: கடல்நீரிலிருந்து உப்பை எவ்வாறு பிரித்தெடுக்கலாம்? மிகவும் நல்ல கேள்வி என்றேன். நாடியில் கை வைத்தேன். கூரையைப் பார்த்தேன். பிறகு நாலாவதின் விடையைச் சொன்னேன் — சீனி சுடுதண்ணீரில் ஏன் கெதியாகக் கரைகிறது என்று. முழுவதும் சொன்னேன்.

அதிகாரிகள் தலையாட்டிக்கொண்டு எழுதினார்கள். சேர் தலையாட்டினார். வகுப்பு ஒரே குரலில் நன்றி சொன்னது.

லவீனா மட்டும் தலையாட்டவில்லை. பாதி எழும்பி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்படி ஒரு பார்வையை எந்தப் பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். தன் முறை வந்ததும் ஒன்பதாவதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள்.

பிறகு வடையும் தேத்தண்ணீரும். "மாணவரிடம் இயல்பான வினாவல் காணப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

யூலை 9, புதன்

மீன் கதையைத் தேடிப் படித்துவிட்டு வகுப்பில் சொன்னேன். கடல்மீன் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, கூடுதலான உப்பைச் செவுளால் வெளியே தள்ளிவிடுகிறது. லவீனாவுக்காகத்தான் சொன்னேன். அவள் குனிந்து எழுதினாள். ஆருக்கும் கேள்வி இருக்கோ என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். எழும்பினாள்.

"எத்தினையாம் நம்பர் ரீச்சர்?"

பகிடிக்கு இல்லை. முகத்தைப் பார்த்தேன், உண்மையாகத்தான் கேட்டாள்.

என்ன செய்துபோட்டன் நான்? வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் கிடைக்குமெண்டு — பிள்ளையின்ரை வாயைத் தைச்செல்லோ விட்டிட்டன்.

யூலை 11, வெள்ளி

மக்டலீன் விளைமீன் கொண்டுவந்து தந்தார். பிள்ளை இப்போது நல்ல அமைதியாம், ரியூசனில் திரும்பவும் எடுத்துவிட்டார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் சைவம் என்று சொல்ல வாய் வரவில்லை. மீன் மணத்துக்கு இரண்டு பஸ்ஸிலும் ஒருவரும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

யூலை 21, திங்கள்

மாற்றம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கணவர் கோபிசங்கர் வேலையால் வந்து தானே பாயசம் காய்ச்சினார். ஒரு மனுசன் இதைவிட என்ன செய்வது? நான் போகவில்லை, வருசக் கடைசி வரை இங்கேயே நிற்கப்போகிறேன் என்றேன்.

"உமக்கென்ன விசரோ?"

"ஒரு பிள்ளை கேள்வி கேக்கிறாளில்லையப்பா."

"இந்த நாட்டிலை ஆர் கேக்கினம்?" என்றுவிட்டு என் பாயசத்தையும் எடுத்துக் குடித்தார்.

யூலை 22, செவ்வாய்

சேரிடம் சொன்னேன். அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், இனிக் கேட்டாலும் கிடைக்காது என்றார். தெரியும் என்றேன். எங்கள் ஒன்பது கேள்விகளையும் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புகிறார்களாம். அவருக்கு வலு சந்தோசம்.

யூலை 30, புதன்

அதிகாரிகள் வந்த அன்று சுபாஜினிக்குப் பிழையான விடை சொன்னேன் என்று வகுப்புக்கு ஒத்துக்கொண்டேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு கேள்வியும் இல்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அடுப்பில் வற்ற வைத்தோம். உப்பு வந்தது. சட்டியின் ஓரத்தில் மஞ்சளாக இன்னொன்றும் வந்தது. அது என்ன என்று நானே கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்றேன். இவ்வளவு காலத்தில் வகுப்புக்குள் அதைச் சொன்னதே இல்லை.

லவீனா எழும்பினாள்.

"உங்களுக்கே தெரியாதெண்டால், பிறகேன் ரீச்சர் எங்களுக்குப் படிப்பிக்க வாறியள்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ஓம், ஏறியது. அதோடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது. இந்தக் கேள்விக்கு இலக்கம் இல்லை. அவள் வாங்கில் இருக்கவில்லை, பதிலுக்காக என்னைப் பார்த்தபடியே நின்றாள்.