கைதட்டு வாங்கின வியாதி

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூணு பேரும் நல்லாத்தான் இருப்பீங்க, போட்டோ பார்த்தேன். நான் நல்லா இருக்கேனான்னு நீ கேட்கல, அதனால நானே சொல்லிடுறேன். மாடி வீட்டு டெய்லர் காலி பண்ணிட்டுப் போயிட்டான், சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுது. வீட்ல உக்காந்து புலம்பாதீங்கப்பான்னு நீ சேர்த்துவிட்டியே, மருத்துவக் கல்லூரியில நோயாளி வேஷம் போடுற வேலை, அதுக்கு ஒழுங்காப் போறேன். பயிற்சி டாக்டர் பசங்க கேள்வி கேட்பாங்க, எழுதிக் குடுத்த வயித்துவலியை நான் சொல்லணும். அவங்களுக்குப் போட்டுக் காட்டுற வீடியோவுல பேசுறது டாக்டரம்மா நீதான். நோயாளி பேசும்போது குறுக்கே பேசாதீங்க, மனசுல என்ன பயம்னு கேளுங்கன்னு என்னமா உருகுற, அடேயப்பா! சாப்பிட்டது தொண்டையிலேயே நிக்குதும்மான்னு நான் போன்ல ஆரம்பிச்சப்ப, மெதுவா மென்னு சாப்பிடுங்கப்பா, மீட்டிங் இருக்குன்னு வச்சவளும் நீதான்.

போன மாசம் ஒரு பொண்ணு, உன் ஜாடை, பேனாவைக் கீழ வச்சுட்டு, எதை நினைச்சுப் பயப்படுறீங்கன்னு கேட்டா. எனக்கு வயித்துவலியே மறந்துபோச்சு. தண்ணிகூட இறங்கலம்மா, இளைச்சுக்கிட்டே போறேன், சொல்ல ஆளில்லைன்னு உடைஞ்சு அழுதுட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. நேரம் முடிஞ்சு மணி அடிச்சதும் விட்டுட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. ஐயா, வயித்துவலியை விட இது பிரமாதம், இனிமே இதையே நடிங்கன்னார் வாத்தியார். நடிப்பில்லைங்க, நிஜம்னேன். பாருங்க, இன்னும் வேஷம் கலையலைன்னு சிரிச்சார். சாயங்காலம் வரைக்கும் வந்தவங்களுக்கெல்லாம் அதையே சொல்லி அழுதேன். ஆளாளுக்குக் கையைப் பிடிச்சாங்க, எல்லாருக்கும் நல்ல மார்க். உன் பாடம் நல்லா வேலை செய்யுதும்மா, சந்தோஷப்படு.

அப்புறம் நானே ஆஸ்பத்திரி வரிசையில நின்னு காட்டினேன். தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துட்டு, புற்றுநோய்க் கட்டின்னாங்க, முத்திப்போச்சாம். வர்ற புதன்கிழமை படுக்கையில சேர்க்கிறாங்க. டிக்கெட் போட்டுக்கிட்டு ஓடி வந்து நிக்காதே. போன்ல அந்த வீடியோக் குரல்ல உருகவும் உருகாதே, எனக்குக் குமட்டும். குழந்தை ஏதாவது சொல்ல வந்தா முழுசாக் கேளு, அது ஒண்ணுதான் நான் உனக்குச் சொல்றது. எல்லாரும் நோய்நொடி இல்லாம இருங்க, அந்த ஆசீர்வாதத்துல குறை வைக்கல. சேர்க்கிறதுக்குப் பேர் எழுதும்போது பிள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அதை மட்டும் யாரும் நடிப்புன்னு சொல்லல.

இப்படிக்கு,
அப்பா