ஆறேகால் அடிக் கட்டில்

1ஆம் தேதி, திங்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். வலது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டை வைத்துத் தைத்து, நாலாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்காதே. வலிக்கிறது.

தினமும் காலை பத்து மணிக்கு பிசியோதெரபிக்காரர் ஒருவர் வருகிறார். "தொண்ணூறு டிகிரி வரணும் டீச்சரம்மா, மடக்குங்க" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது. அவருக்குத் தொண்ணூறு என்றே பெயர் வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, என் காலையே வைத்துக் கோணம் சொல்லிக்கொடுக்கிறார். நேற்று ஐம்பத்தெட்டு. பெயில்.

வீட்டுக்காரர் பதினெட்டாம் தேதிக்குள் காலி செய்யச் சொன்னது நினைவிருக்கிறதா? இங்கே மகள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பேசி முடித்தாயிற்று. கீழ்த்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. சாமான் கட்டுவது உன் பொறுப்பு. என் சாமானையும் உன் சாமானையும் கலந்துவிடாதே. என் மூக்குக் கண்ணாடி உன் சவரப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நான் பட்ட பாடு போதும். அப்புறம், உன் கட்டிலின் நீள அகலத்தை அளந்து உடனே எழுது. அவசரம்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்கிறாள் மகள். 'ம்', 'சரி', 'வெச்சிடட்டுமா' – உன் போன் பேச்சு இவ்வளவுதானே? காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கும்.

மூட்டு மாறினாலும் குணம் மாறாத
அக்கா

4ஆம் தேதி, வியாழன்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

முப்பத்தைந்து வருஷம் தபால் பிரித்தவனைப் பார்த்து 'கலந்துவிடாதே' என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? கூடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து நாலு கட்டம் போட்டிருக்கிறேன். முதல் கட்டம் 'அக்கா'. இரண்டாவது 'தம்பி'. மூன்றாவது 'அனுப்பியவருக்கே திருப்புக'. அதாவது நாம் இரவல் வாங்கிக் கொடுக்காமல் விட்டவை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் ஏணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது எங்க ஏணியா சார்? ரெண்டு வருஷமா உங்ககிட்டதானே நாங்க இரவல் வாங்கிட்டிருக்கோம்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

நாலாவது கட்டம், 'முகவரி தெரியாதவை'. யாருடையது என்று எனக்கே சொல்லத் தெரியாத சாமான்கள். அது நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது.

என் கட்டில் நீளம் ஆறேகால் அடி, அகலம் மூன்றடி. எதற்குக் கேட்கிறாய் என்று புரியாமல் இல்லை. இவ்வளவு பெரிய கட்டிலைப் புது வீட்டில் எங்கே போடுவது, இங்கேயே யாரிடமாவது தள்ளிவிடு என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சாமானைத் தனியாகக் கட்டு என்றபோதே விளங்கிவிட்டது. அத்தான் தவறிய வருஷம், "ரெண்டு மாசம் துணைக்கு வந்து இருடா" என்று கூப்பிட்டாய். ரெண்டு மாசம் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் கவலையை விடு. சைக்கிள் கடை மாடியில் எனக்கு ஓர் அறை பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டேன். அங்கேயே ஒரு கட்டில் கிடக்கிறது. என் கட்டிலை நம் தெரு வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

காலை மெதுவாக மடக்கு.

உன் தம்பி

7ஆம் தேதி, ஞாயிறு

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அறை பார்த்துவிட்டாய். ரொம்ப சந்தோஷம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஏன் கேட்க வேண்டும்? அறுபத்து மூன்று வயசு ஆண்பிள்ளை, உன் இஷ்டம். என் குறட்டையைப் பற்றி இத்தனை வருஷமாகப் புலம்பினாயே, இப்போதாவது தப்பித்தாய். நிம்மதியாகத் தூங்கு.

சைக்கிள் கடை மாடிக்கு எத்தனை படி? இவளால் ஏறிவந்து எட்டிப்பார்க்க முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் பிடித்தாயோ?

சனிக்கிழமை காலை எழுபத்தொன்று வந்தது. உன் கடிதம் வந்த பிறகு இன்று அறுபத்து மூன்று. "என்ன டீச்சரம்மா, பின்னாடி போறீங்க?" என்று தொண்ணூறு கேட்டார். "அதை என் தம்பிகிட்ட போய்க் கேளுங்க" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நீ உன் மாடிக்குப் போ. இங்கே இறக்குவதற்கு ஆள் இருக்கிறது.

அக்கா

10ஆம் தேதி, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

படி இருபத்தாறு. சாவி வாங்கி இறங்கி வரும்போதுதான் எண்ணினேன். உன் மூட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

உன் பெட்டிகள் முப்பது. என் பெட்டிகள் பதினொன்று. உன் இரும்பு பீரோ வாசல் வழியாக வெளியே போக மாட்டேன் என்கிறது. சாமான் தூக்க வந்த நான்கு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். "உள்ளே எப்படி சார் வந்துச்சு?" என்று என்னைப் பார்க்கிறார்கள். நானே பெற்றுப்போட்ட மாதிரி! கடைசியில் வாசல் கதவைக் கழற்றித்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாளாகக் கதவில்லாத வீட்டில் குடியிருக்கிறேன்.

நாலாவது கட்டத்துக்கு நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரேடியோ நீ வாங்கியது, ஆனால் எந்த இடத்தில் தட்டினால் பாடும் என்று எனக்குத்தான் தெரியும். சதுரங்கப் பலகை என்னுடையது, ஆனால் தொலைந்த கறுப்பு ராணிக்குப் பதிலாக நிற்பது உன் கோட்டுப் பட்டன். பெரிய குடையைப் பிடிப்பவன் நான், நனையாமல் வருகிறவள் நீ. தேநீர்க் கெண்டியின் உடல் உன்னுடையது, மூடி நான் வாங்கி வந்தது. இதையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது, சொல்லு. கிழிந்த முகவரி, நனைந்த முகவரி எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்தவன் நான், ஒரு கெண்டியின் முன்னால் உட்கார்ந்து முழிக்கிறேன்.

குறட்டைக்குத் தப்பித்தேன் என்று எழுதியிருந்தாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. கதவில்லாததால் இருக்கும்.

உன் தம்பி

13ஆம் தேதி, சனி

அடேய் மடையா,

இன்று மகள் கேட்டாள். "ஏம்மா, மாமாவும் புது வீட்டுலதான் இருக்கப்போறார்ன்னு அவர்கிட்ட சொன்னியா?" "அதை வேற தனியா சொல்லணுமாடி? எங்க போனாலும் கூடவே வர்றவன்தானே!" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அம்மா, நீ எழுதின முதல் கடிதத்துல என்ன எழுதினேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு மூஞ்சி விழுந்துவிட்டது.

கட்டிலை அளக்கச் சொன்னது தச்சருக்காகடா! புது வீட்டில் இடப்பக்க அறை உனக்கு. ஜன்னலோரம் கட்டில், தலைமாட்டில் உன் புத்தகங்களுக்குப் பலகை. தச்சர் கட்டிலுக்கு இடம் விட்டுப் பலகையும் அடித்துவிட்டார். இப்போது அங்கே ஆறேகால் அடிக்கு வெறும் தரை கிடக்கிறது. சாமானைத் தனியாகக் கட்டச் சொன்னது, உன் பெட்டிகளை நேராக உன் அறையில் இறக்க. புது வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன், தொண்ணூறிடம் சொன்னேன், பால்காரரிடம் இரண்டு பேருக்கான பாலே சொல்லியாயிற்று. உன்னைத் தவிர ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

ரெண்டு மாசம் வா என்று கூப்பிட்டேன், சரி. அப்புறம் ஒரு நாளாவது 'போ' என்று சொன்னேனா? சொன்னேன், அந்தத் தேநீர்க் கெண்டி மூடியை உடைத்த அன்று. அதைக் கணக்கில் சேர்க்காதே.

எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. நீ இருபத்தாறு படி ஏறிப் போய்விடுவாய் என்று படித்தபோது பயந்துவிட்டேன். நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாதுடா.

சாவியைத் திருப்பிக் கொடு. கட்டிலைத் திருப்பி வாங்கு. நாலாவது கட்டத்தைப் பிரிக்காதே, அப்படியே ஏற்று. உன் பெட்டிகளில் ஒட்டுவதற்குப் பன்னிரண்டு சீட்டு என் கையாலேயே எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

எண்பத்து நான்கு டிகிரியில் உட்கார்ந்திருக்கும்
அக்கா

16ஆம் தேதி, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் சிரித்தார்.

கட்டில்தான் வம்பு. வாட்ச்மேன், "கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா சார்?" என்று பாவமாகப் பார்க்கிறார். அவருடைய மாமியார் ஊரிலிருந்து வந்து அதில் படுத்திருக்கிறார். கட்டில் போனால்தான் மாமியார் போவார், மாமியார் போனால்தான் கட்டில் வரும். இரண்டும் இப்போதைக்கு நடக்காது. நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். தச்சரிடம் ஆறேகால் அடியை மறக்க வேண்டாம் என்று சொல்லி வை.

நாளை மறுநாள் காலை லாரி கிளம்புகிறது. நாலாவது கட்டத்தை அப்படியே ஏற்றச் சொல்லியிருக்கிறேன். சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டேன்.

என் பெட்டிகள் பதினொன்று என்று எழுதியிருந்தேன். நீ பன்னிரண்டு சீட்டு அனுப்பியிருக்கிறாய். கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பிவிட்டதே என்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பதினொன்றையும் ஒட்டி முடித்தேன். மிச்சமிருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். 'என் தம்பி, கதவு எண் ஏழு, கீழ்த்தளம், இடப்பக்க அறை.' அப்புறம் ரொம்ப நேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில்தான் வருகிறேன். அந்தச் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது.

தம்பி